கழன்று வந்த ஒட்டு

வாவு முகம்மது அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஒரு சுளகு அளவு இருந்தது. பட்டறை வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், குனிந்து சிமெண்டுத் தரையில் வைத்தார். எறிந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் இடுப்பில் லுங்கி இல்லை. யாரோ கடனாகக் கொடுத்த, முழங்காலுக்கு மேல் நிற்கிற ஒரு கால்சட்டை இருந்தது.

“ஒங்க ஒட்டு, துரை,” என்றார் என் அண்ணனிடம். “பத்திரமா கொண்டாந்துட்டேன்.”

இருபது நாளுக்கு முன்னால் அவருடைய ஃபைபர் படகு கடலடிப் பாறையான பாரில் உரசி அடிப்பக்கம் கிழிந்து மண்டபத்தில் இருக்கிற எங்கள் பட்டறைக்கு வந்தது. அண்ணன் பாண்டித்துரை அதற்கு ஒட்டுப் போட்டு அனுப்பினான். ஒட்டோடு அவர் வந்து நின்ற அன்று, விடிந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், தென்கடலில், காலுக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். அடுத்த நிமிடம் ஒட்டு முழுசாக எழும்பி படகுக்குள்ளேயே மிதந்ததாம். வாவு லுங்கியை அவிழ்த்து ஓட்டையில் திணித்து, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை. மற்ற இரண்டு பேரும் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். மூன்று பேரும் கரை சேர்ந்துவிட்டார்கள். அவர் அதைச் சொன்ன விதம், பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வது போல இருந்தது. என் கையில் இருந்த டீ ஆறி ஆடை கட்டும்வரை நான் அதைக் குடிக்கவில்லை.

எட்டு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அடுத்தது எங்கே என்று கால் அரிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல்தான் அண்ணன் பட்டறைக்கு வந்து கூடமாட நின்றுகொண்டிருந்தேன். போர்ச்சுகலில் ஒரு படகுத்துறையில் ஆறு மாதம் அடிமட்ட வேலை செய்திருந்ததால் எபாக்ஸிப் பசை எனக்குப் புதிதில்லை. ரெசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் அளந்து கலந்து, கண்ணாடி இழைத் துணியை அதில் ஊற வைத்து, அடுக்கடுக்காக ஒட்டினால், மறுநாள் அது கல். வாவு கொண்டுவந்து வைத்ததும் கல்லாகத்தான் இருந்தது. எங்கேயும் உடையவில்லை, விரிசல்கூட விடவில்லை. எண்ணெய் தடவிய கல்லிலிருந்து தோசை எழும்புகிற மாதிரி முழுசாக எழும்பி வந்திருந்தது.

அதுதான் என்னை உலுக்கியது. எபாக்ஸி எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும், தான் தொடுகிற முதல் தோலை மட்டும்தான் பிடிக்கும். அந்தத் தோல் தூசி என்றால் தூசியைப் பிடிக்கும். மெழுகு என்றால் மெழுகைப் பிடிக்கும். படகை அது பிடிக்க வேண்டுமானால் முதலில் ஒருவர் உட்கார்ந்து படகின் தோலைச் சீர் செய்ய வேண்டும். எங்கள் பட்டறையில் அந்த ஒருவர் முருகலட்சுமி. ஒட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள்.

முருகலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முதுகுளத்தூருக்குத் தெற்கே ஒரு மிளகாய்க்காட்டு ஊர். பத்து வயதிலிருந்து அடுத்தவர் காட்டில் களை பறித்து, மிளகாய் பறித்து, கருது அறுத்து வளர்ந்தவள். இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தபோது, புருஷன் மலையாண்டி கட்டட வேலைக்கு மண்டபம் வர, அவளும் சித்தாளாக வந்தாள். சாந்துச் சட்டி சுமந்துகொண்டிருந்தவளை, தேய்ப்புக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு அண்ணன் பட்டறைக்கு அழைத்துக்கொண்டான். ஆண்கள் அந்த வேலைக்கு நிற்க மாட்டார்கள். கண்ணாடித் தூசி உடம்பில் ஏறினால் மூன்று நாளைக்கு அரிக்கும். முதல் நாள் சாயங்காலம் அண்ணன் அவளிடம் அரிக்கிறதா என்று கேட்டிருக்கிறான்.

“மொளகா பறிச்ச கைக்கு இதெல்லாம் பவுடரு, மொதலாளி,” என்றாளாம்.

அவள் வேலை செய்வதை முதன்முதலில் பார்த்த அன்று நான் திகைத்துப்போனேன். படகு வந்ததும் முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவாள். காய்ந்ததும் பிசுக்கு எடுக்கிற அசிட்டோனில் நனைத்த துணியால் துடைப்பாள். அதன் பிறகுதான் தேய்ப்பு. எண்ணெய்ப் பிசுக்கோடு தேய்த்தால் பிசுக்கு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அது வெளியே வராது என்பாள். மிஷினில் தட்டு மாட்டி ஓட்டையின் ஓரத்தைச் சாய்வாக இறக்குவாள். பிறகு கையில் உப்புத்தாளை எடுத்து, நெடுக்காக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை, பளபளப்பு ஒரு நகக்கண் அளவுகூட மிச்சம் இல்லாமல் தேய்ப்பாள். தூசியைத் தட்டி, மறுபடி துடைப்பு. இடது கையில் ஈரத்துணி, வலது கையில் காய்ந்த துணி. ஈரம் ஆவியாகும் முன்னால் காய்ந்த துணி பின்னாலேயே ஓடும். இல்லாவிட்டால் கரைந்த பிசுக்கு அங்கேயே திரும்பப் படிந்துவிடும்.

கடைசியில் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து விரலால் தெளிப்பாள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவினால் இடம் சுத்தம். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றால் மறுபடி முதலிலிருந்து. போர்ச்சுகலில் நீலக் கையுறை போட்ட ஒரு பொறியாளர் இதே சோதனையைச் செய்து, தாளில் குறித்து, கையெழுத்துப் போடுவார். இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். எண்ணெய்ச் செம்பு கழுவியவளுக்கு இது தெரியாதா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பட்டறை ஆட்களுக்கு அது வேடிக்கை. படகுக்குத் தீர்த்தம் தெளிக்கிறாள் என்று சிரிப்பார்கள்.

திங்கள் முதல் சனி வரை தலையில் எண்ணெய் வைக்க மாட்டாள். நெற்றியிலும் இரண்டு மணிக்கட்டிலும் துணி சுற்றியிருப்பாள், வேர்வை சொட்டக் கூடாது என்று. சாப்பிட்ட கையைச் சீயக்காய் போட்டுக் கழுவுவாள். எண்ணெய் காணாத அந்தக் கூந்தலைக் கத்தாழை நார் என்று கேலி பேசுவார்கள். கட்டுங்களேன் நங்கூரத்தை, தாங்கும் என்பாள்.

இப்படிப்பட்டவள் தேய்த்த இடத்தில்தான் ஒட்டு கழன்றிருந்தது.

அண்ணன் அவளைக் கூப்பிட்டான். அவன் கத்துகிறவன் இல்லை. அன்றும் கத்தவில்லை.

“தேச்சியா?”

“தேச்சேன்.”

“தொடச்சியா?”

“தொடச்சேன், மொதலாளி. தண்ணி தெளிச்சுப் பாத்துட்டுத்தான் போனேன்.”

“பெறகு இது எப்படி இப்படி வரும்?”

அவள் தரையில் கிடந்த ஒட்டைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். முகத்தை இல்லை, அவன் வலது கையை. ஒரு நொடிதான். தலையைக் குனிந்துகொண்டு, “தெரியல,” என்றாள்.

அந்த ஒட்டுப் போட்ட அன்று அவள் மதியம்வரைதான் இருந்தாள். ராமநாதபுரத்தில் சாரத்திலிருந்து மலையாண்டி விழுந்து கால் முறிந்துவிட்டதாகப் போன் வந்தது. கிளம்பும்போது, நான் வந்த பிறகு நாளைக்கு ஒட்டுங்களேன் என்று அண்ணனிடம் கேட்டுப் பார்த்தாள். வாவு அவசரப்படுத்தினார் என்று அண்ணன் அன்றைக்கே ஒட்டிவிட்டான். ரெசின் கலந்து துணி போடுவது எப்போதும் அவன் கைதான்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அண்ணன் சொன்னான். மூன்று உயிர் என்று இரண்டு தடவை சொன்னான். அவள் எதிர்த்துப் பேசுவாள், ஒப்பாரி வைப்பாள், குறைந்தது என்னையாவது பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். தன் துணிகளை மடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். செய்யாத தப்புக்கு ஒருத்தி இப்படிப் போவாளா, செய்திருந்தால் இப்படித்தான் போவாளா என்று எனக்குப் புரியவில்லை.

வாவு வாசலில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டு, “கூத்தையாவ விட்டாச்சு, இப்ப இந்தம்மாவையும் விட்டாச்சு,” என்றார். “அடுத்தது யாரு, துரை? நீங்களா?”

கூத்தையா அவளுக்கு முன்னால் தேய்ப்பில் இருந்தவர். நான் ஊரில் இல்லாத காலம். ஒரே வருடத்தில் இரண்டு படகில் ஒட்டு கழன்றதால் அவரை அனுப்பிவிட்டதாகவும், அவருக்கு உள்ளங்கை வேர்க்கும் என்பதால் அப்படி ஆனதாகவும் அண்ணன் சொன்னான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அந்த ஒட்டைத் தூக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க மெல்லிய கோடுகள், நெடுக்கிலும் குறுக்கிலும். அவள் உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் ரெசின் இறங்கி, அச்சு எடுத்தது போல அப்படியே பதிந்திருந்தது. அப்படியானால் அவள் தேய்த்திருக்கிறாள். கீறல்வரை இறங்கிய ரெசின் அதைப் பிடிக்காமல் விட்டிருக்கிறது. நடுவில் ஏதோ இருந்திருக்கிறது.

அவள் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன செம்பில் தண்ணீர் எடுத்து விரலால் தெளித்தேன்.

ஓரங்களில் தண்ணீர் பரவியது. நடுவில் பரவவில்லை. முத்து முத்தாக நின்றது. நின்ற முத்துகள் கண்டபடி நிற்கவில்லை. மூன்று பட்டைகளாக, பக்கம் பக்கமாக, ஒரு சாண் நீளத்துக்கு நின்றன. அவற்றைச் சுற்றி, உள்ளங்கையால் தடவிக்கொடுத்தது போல ஒரு வட்டம். நான் என் மூன்று விரலையும் அந்தப் பட்டைகளின்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தின. என் விரலைவிடக் கொஞ்சம் தடித்த விரல்கள். யாரோ வேண்டுமென்றே, நிதானமாக, இந்த இடத்தில் எண்ணெய் தடவியிருக்கிறார்கள்.

ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறது முருகலட்சுமி வீடு. மலையாண்டி காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். நான் தண்ணீர் தெளித்துப் பார்த்ததைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

“அத எதுக்கு பாப்பா கிண்டுறீங்க,” என்றாள். “போனது போகட்டும். நான் காட்டு வேலைக்குப் போயிக்கிறேன்.”

யார் தடவியது என்று கேட்டேன். வாவுவுக்கு ஆகாதவர்களா, பட்டறையில் யாராவதா என்று கேட்டேன். அவள் காபிக்குப் பால் இல்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். கட்டிலில் இருந்த மலையாண்டிதான் பொறுமை இழந்தார்.

“எடுத்துக் காட்டு அந்தப் பிள்ளைக்கு. நாலு வருசமா என் மண்டைக்கு மேல தொங்குது.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். தகரக் கூரையின் கம்பியில் ஒரு வெள்ளைச் சாக்கு கட்டித் தொங்கியது. அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, அதை இறக்கினாள். காலில் படாமல் ஒரு பாயின்மேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே எல்லாம் துணி. பழைய வேட்டியில் கிழித்த கையகலத் துண்டுகள். ஒவ்வொன்றும் நாலாக மடித்து, அடுக்கி, நூறுக்கு மேல் இருக்கும். சாக்கு திறந்ததும் ஒரு வாடை எழுந்தது. எட்டு வருடம் எந்த நாட்டிலும் நான் முகராத வாடை. ஆனால் எங்கே முகர்ந்தாலும் தெரியும். இலுப்பெண்ணெய். எங்கள் குலசாமி கருப்பர் கோயிலில் விளக்குக்கு ஊற்றுவது அதுதான்.

அதற்குப் பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்து அவள் தேய்த்த முதல் படகிலேயே நடந்தது அது. ஒருநாள் காலையில் சுத்தம் பார்த்து வைத்துவிட்டுப் போன இடத்தில், சாப்பிட்டு வந்து சும்மா ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் முத்து நின்றது. யாரோ தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்று நினைத்து, மறுபடி துடைத்து வைத்தாள். அடுத்த படகுக்கு, சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வந்தது மொதலாளி. கையில் ஒரு பித்தளைக் கிண்ணம். செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று விரலை எண்ணெயில் நனைத்து, ஓட்டையை ஒட்டி மூன்று இழுப்பு இழுத்து, உள்ளங்கையால் மாட்டு முதுகைத் தடவுவது போலத் தடவி, கண்ணை மூடி நின்றுவிட்டுப் போனான்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்களைப் பெற்ற அய்யாவின் கை கண்முன் வந்தது. வருடத்தின் முதல் உழவு அன்று, வேறு யாரும் எழும்பும் முன்னால், அய்யா தனியாகத் தொழுவுக்குப் போய் கலப்பைக் கொழுவுக்குக் கருப்பர் கோயில் விளக்கின் இலுப்பெண்ணெயை வைப்பார். மூன்று இழுப்பு. வைப்பதை யாரும் பார்க்கக் கூடாது, வைத்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. வாடையை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும். டிராக்டர் வந்த பிறகு டிராக்டர் கொழுவுக்கு வைத்தார். மண்ணைக் கீறப் போகிற இரும்புக்கு எண்ணெய் வைப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. கடலோரம் வந்து பட்டறை போட்ட என் அண்ணன் அதைப் படகின் புண்ணுக்கு வைப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

“காட்டு வேல செஞ்சவளுக்குக் கொழுவு எண்ணெய் தெரியாதா, பாப்பா,” என்றாள் முருகலட்சுமி. “பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. சொன்னா, சாமிய வேணாங்குறியான்னு ஆகும். சொல்லாம விட்டா, கடல்ல ஆளு போவும்.”

அதனால் அவன் போன பிறகு துடைத்தாள். அசிட்டோனும் இரண்டு துணியும். முதல் தடவை பயத்தில் டப்பாவைக் கொட்டிவிட்டாளாம். சாமி எண்ணெய் துடைத்த துணியைக் குப்பையில் போட மனம் வரவில்லை, எரிக்கவும் பயம், கால் படுகிற இடத்தில் வைக்கவும் முடியாது. சாக்கில் போட்டுக் கூரையில் கட்டினாள். நான்கு வருடம், ஒவ்வொரு படகுக்கும் மத்தியானச் சாப்பாட்டை அரை வயிற்றோடு முடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். மலையாண்டி விழுந்த அன்று ஒரே ஒரு நாள்தான் ஓடி வர முடியவில்லை.

இந்த நான்கு வருடத்தில் எங்கள் பட்டறையிலிருந்து கடலுக்குப் போன ஒவ்வொரு படகும், அதில் இருந்த ஒவ்வொரு ஆளும் இந்தச் சாக்கில் இருந்தார்கள்.

மறுநாள் காலை அவளையும் சாக்கையும் ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவள் வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். நீ வராவிட்டால் சாக்கை நான் மட்டும் தூக்கிப்போய் நடு முற்றத்தில் அவிழ்ப்பேன் என்றதும் வந்தாள். ஆட்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, அண்ணன் முன்னால் சாக்கை வைத்து, ஒட்டின்மேல் மறுபடி தண்ணீர் தெளித்துக் காட்டினேன். அவன் சாக்கைத் திறந்ததும் வாடை வந்தது. அவனுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இந்த அண்ணன்தான் தேய்த்த இடத்துக்குப் பக்கத்தில் வடை தின்றான் என்று ஒருவனை ஒரு வாரம் நிறுத்தி வைத்தவன். எண்ணெய்க் கையோடு படகைத் தொடாதே என்று சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தவனும் அவன்தான். அந்தச் சுவருக்குக் கீழேயே ரெசின் டிரம்மின்மேல் உட்கார்ந்து தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அமுதா,” என்றான் என்னிடம். “அத நான் எண்ணெயா நெனைக்கவே இல்ல.”

பிறகு அவளைப் பார்த்துக் கேட்டான். “எத்தன படகு தொடச்ச?”

“எல்லாப் படகும், மொதலாளி.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேக்கா.”

“நீங்க யாருட்டயும் சொல்லாமத்தானே வச்சீங்க,” என்றாள். “நானும் யாருட்டயும் சொல்லாமத் தொடச்சேன்.”

அண்ணன் அவளைத் திரும்ப வரச் சொன்னான். கேட்டான் என்றே சொல்ல வேண்டும். அவளுக்கு வேலை வேண்டும். மலையாண்டி இன்னும் மூன்று மாதத்துக்கு எழுந்து நடக்க மாட்டார். ஆனாலும் உடனே தலையாட்டவில்லை. இரண்டு விஷயம் சொன்னாள். வாவுவையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு யார் தப்பு என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் கூத்தையாவிடம் போக வேண்டும்.

கூத்தையாவை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் விட்டுப்போன உப்புத்தாள் கட்டையில்தான் நான்கு வருடமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டை தேய்ந்திருந்த விதத்திலேயே அவர் ஒழுங்காகத் தேய்த்தவர் என்று தனக்குத் தெரியும் என்றாள்.

அன்று மத்தியானமே நானும் அண்ணனும் பைக்கில் கிளம்பினோம். கூத்தையா வாலிநோக்கம் பக்கம் ஒரு உப்பளத்தில் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவில் பலகை வைத்து உப்பு வாரிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தோள் துண்டை எடுத்தார். கும்பிடுவதற்கு முன்னால் உள்ளங்கை இரண்டையும் அதில் துடைத்துக்கொண்டார்.

நல்லா இருக்கீங்களா என்று அண்ணன் கேட்டான்.

“இருக்கேன், மொதலாளி. வேர்க்குற கைக்கு இதுதான் தோதான வேல. உப்புக்கு ஒண்ணும் ஆவாது.”

அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்ட ஒரு வசதியைப் போலச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் ஆடிப்போனேன். நான்கு வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் தன் கையையே குற்றவாளியாக நம்பி, அந்தக் கையால் கெடுக்க முடியாத ஒரு வேலையைத் தேடி இங்கே வந்து நிற்கிறார்.

அண்ணன் சொன்னான். எதையும் விடாமல், கிண்ணம், மூன்று விரல், சாப்பாட்டு நேரம் எல்லாம் சொன்னான். கூத்தையா உப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அந்த ரெண்டு படகும்?”

“என்னாலதான்.”

பாத்தியில் காற்று தண்ணீரைச் சுருக்கிக்கொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று நான் காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

“அதுல ஒரு படகுக்காரரு,” என்றார் கடைசியில், “பாம்பன் கடத்தெருவுல என்னயப் பாத்தா எச்சி துப்பிட்டுப் போவாரு. நான் பாம்பன் போயி மூணு வருசம் ஆச்சு. அவருட்டயும் சொல்வீங்களா?”

சொல்வேன் என்றான் அண்ணன். திரும்பி வரும் வழியில் மண்டபத்தில் நிற்காமல் பாலத்தைத் தாண்டி பாம்பனுக்கே விட்டான். அந்தப் படகுக்காரர் வீட்டு வாசலில் என்னை பைக்கோடு நிறுத்திவிட்டு உள்ளே போனான். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவன் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. நான் கேட்கவில்லை.

வாவுவின் படகை மறுபடி ஏற்றி வைத்த அன்று, எல்லோரையும் நிறுத்தி அண்ணன் சொன்னான். முருகலட்சுமி கொஞ்சம் தள்ளி, தூண் ஓரத்தில் நின்று கேட்டாள். வாவு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புதிதாகக் கட்டியிருந்த லுங்கியை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“ஒங்க கருப்பருக்கு என் லுங்கி மேல கண்ணுபோல, துரை,” என்றார். “அந்தம்மா தொடச்சாத்தான் நான் படகு எடுப்பேன். அத மட்டும் எழுதிக்கங்க.”

சாக்கை அண்ணன் தானே ஊருக்குக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டு வந்தான். பூசாரியிடம் என்ன சொன்னான், அவர் என்ன சொன்னார் என்று முருகலட்சுமி என்னிடம் நாலு தடவை கேட்டுவிட்டாள். நான்கு வருடம் தினம் பயந்த பயம் ஒரு நாளில் போகுமா. பூசாரி ஒன்றும் சொல்லவில்லை, துணி நல்லா மடிச்சிருக்குன்னு மட்டும் சொன்னார் என்று அண்ணன் சொன்ன பிறகுதான் அவள் கேட்பதை நிறுத்தினாள்.

வாவுவின் படகை ஏற்றி வைத்த மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். முருகலட்சுமி தேய்த்து, துடைத்து, தெளித்துப் பார்த்து முடித்திருந்தாள். வாசலில் கூத்தையா நின்றார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார். உள்ளே வந்து படகின் அடியில் குந்தி, சாய்வு இறக்கியிருந்த ஓரத்தைக் கண்ணாலேயே அளந்தார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

“தொட்டுப் பாருங்கண்ணே,” என்றாள் அவள்.

“வேணாந்தாயி. சுத்தம் பாத்த எடம்.”

அவள் எட்டி அவர் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் இழுத்தார். மிளகாய் பறித்த கையின் பிடி அது, விடவில்லை. அவர் உள்ளங்கையை அந்தச் சுத்தமான இடத்தில் வைத்து அழுத்தினாள். அதற்குப் பக்கத்திலேயே தன் உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள். எடுத்தாள். செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தாள்.

தண்ணீர் எல்லா இடத்திலும் பரவியது. இரண்டு இடத்தில் மட்டும் பரவாமல் ஒதுங்கி முத்துக் கட்டியது. இரண்டு கை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முத்துகளில் வித்தியாசம் இல்லை.

கூத்தையா வாயைத் திறந்தபடி குனிந்து ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரெசின் கலக்கக் குச்சியோடு நின்றிருந்த அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வந்து, யாரும் சொல்லாமலே, தன் கையையும் மூன்றாவதாக அதன் பக்கத்தில் வைத்தான். முருகலட்சுமி அதற்கும் தண்ணீர் தெளித்தாள். அதிலும் முத்து நின்றது. கூத்தையா தன் கையைப் பார்த்தார், அண்ணன் கையைப் பார்த்தார். அதன் பிறகு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை.

நானும் வைத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

“போதும், பாப்பா,” என்று தட்டிவிட்டாள் முருகலட்சுமி. “ஆளாளுக்குக் கைய வச்சா அசிட்டோனுக்கு நான் எங்க போவேன்.” காய்ந்த துணி ஒன்றைக் கூத்தையாவிடம் நீட்டிவிட்டு, ஈரத்துணியைத் தன் இடது கையில் எடுத்துக்கொண்டாள். “நான் முன்னால போறேன். பின்னாலயே வாங்கண்ணே, காயுறதுக்குள்ள.”